வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக்கை வீட்டுச் சாமானை வைத்து எதுவரை மீட்கலாம்?

கேள்வி இதுதான்: பாளையங்கோட்டையில் மொட்டை வெயிலில் நிற்கிற ஏழு வருசக் கார். பம்பரின் அடிப்பாகம், வைப்பருக்குக் கீழே இருக்கிற கவுல், சைடு மிரரின் கால், சக்கர வளைவைச் சுற்றியுள்ள கிளாடிங் எல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தேய் என்கிறார் ஒருவர், பல் தேய்க்கிற பேஸ்ட் போடு என்கிறார் இன்னொருவர், தீயைக் காட்டினால் கறுத்துவிடும் என்கிறார் மூன்றாமவர். வீட்டு ஸ்கூட்டருக்கும் அதே கதி. எதைச் செய்வது?

அண்ணாச்சி, மூவர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எதைத் தேய்ப்பது என்று முடிவு பண்ணுவதற்கு முன்னால், அங்கே என்ன கெட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கறுப்பு நிறம் எங்கேயும் போகவில்லை. இந்தப் பாகங்களில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன் என்ற வகைப் பிளாஸ்டிக். அதில் கறுப்புக்காகக் கலப்பது கார்பன் பிளாக், அதாவது ஒருவகைப் புகைக்கரி. அது வெயிலுக்கு வெளுக்காது. வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்தோலைத்தான் அறுக்கிறது. நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் துண்டுதுண்டாகி, மேலே கண்ணுக்குத் தெரியாத விரிசலும் பொடியுமாக ஒரு படலம் உண்டாகிறது. வெளிச்சம் அதில் பட்டுச் சிதறுவதால் சாம்பலாகத் தெரிகிறது. தண்ணீரை அள்ளித் தெளித்துப் பாருங்கள், ஈரமாக இருக்கிறவரை கன்னங்கரேல் என்று இருக்கும், காய்ந்ததும் பழையபடி நரைத்துவிடும். தண்ணீர் அந்த விரிசலை நிரப்பியதால் வந்த கறுப்பு அது. வீட்டுச் சாமான்கள் எல்லாமே இந்த வேலையைத்தான் செய்கின்றன. எது எவ்வளவு நாள் அந்த விரிசலுக்குள் தங்கும் என்பதில்தான் வித்தியாசம்.

இந்தத் தண்ணீர்ச் சோதனையை எல்லாப் பாகத்திலும் செய்து பார்த்துவிடுங்கள். ஈரத்தில் நன்றாகக் கறுத்தால் எண்ணெய் வைத்தியம் பலிக்கும். ஈரத்திலும் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது வெயில் செய்த வேலை அல்ல; பாடிக்குப் போட்ட வாக்ஸ் பாலிஷ் சொரசொரப்புக்குள் புகுந்து காய்ந்திருக்கிறது, இல்லையென்றால் உப்புத்தண்ணிக் கறை. விரலால் தேய்த்தால் சாம்பல் பொடி ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒட்டினால் தேய்த்துக் கழுவுகிற வேலை கூடும். நகம் மாட்டுகிற அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தால் அந்தப் பாகத்துக்கு எதைத் தேய்த்தாலும் வீண், மாற்றத்தான் வேண்டும்.

நம்ம ஊரில் ஏன் இவ்வளவு சீக்கிரம் நரைக்கிறது என்றால், திருநெல்வேலி இருப்பது கிட்டத்தட்ட 8.7 பாகை வடக்கில். சித்திரை பிறப்பதை ஒட்டி ஒரு தடவையும் ஆவணியில் ஒரு தடவையும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதனால் நிமிர்ந்து பார்க்கிற பாகங்கள், அதாவது கவுல், கூரைக் கம்பி, பம்பரின் மேல் விளிம்பு, முதலில் கெடும். கதவோரக் கிளாடிங்கில் ஒரு பக்கம் மட்டும் மோசமாக இருந்தால் அந்தப் பக்கம் மேற்கு வெயிலைப் பார்த்து நிற்கிறது என்று அர்த்தம். வண்டியை வாரம் ஒரு தடவை திருப்பி நிறுத்தினாலே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூப்படையும்.

இனிக் கழுவுகிற விஷயம். பாதிப் பலன் இதில்தான் இருக்கிறது, பெரும்பாலோர் அவசரப்படுவதும் இதில்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் போதும். துணி துவைக்கிற நைலான் பிரஷ் பெரிய பரப்புக்கு, பழைய டூத் பிரஷ் இடுக்குக்கு. காலை ஏழு மணிக்குள், பாகம் தொட்டால் குளிர்ந்திருக்கும்போது ஆரம்பியுங்கள். சூட்டில் சோப்புத் தண்ணீர் காய்ந்து அதுவே ஒரு வெள்ளைக் கறையாகிவிடும். வட்டமாகத் தேய்த்து, நுரை சாம்பலாக வருவது நின்று வெள்ளையாக வருகிறவரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ரொம்ப நாள் கவனிக்காத பம்பருக்கு மூன்று நான்கு சுற்று ஆகலாம். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரும் உப்புத்தாளும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கிற அந்தச் சொரசொரப்பு ஒரு தடவை தேய்ந்தால் திரும்ப வராது, அந்த இடம் மட்டும் வழவழவென்று தனியாகப் பளிச்சிடும்.

ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர்த் தண்ணீரில் வண்டி கழுவுகிறவர்களுக்கு உப்புக் கறையும் சேர்ந்திருக்கும். கடைகளில் விற்கிற வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து துணியில் நனைத்து ஐந்து நிமிடம் ஒற்றி வைத்துவிட்டு பிரஷ் போட்டுக் கழுவினால் இளகிவிடும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஆற்றுத் தண்ணீர், அதாவது தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர், ஒரு வாளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாக்ஸ் கறைக்கு வெந்நீரும் டூத் பிரஷும் முதலில். அதற்கும் போகாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற வெள்ளை அழிரப்பரால் தேய்த்தால் உருண்டு வந்துவிடும். சமையல் சோடாவைக் குழைத்துப் போடுகிறவர்கள் உண்டு. அழுக்கு போகும், ஆனால் சோடா இடுக்கில் தங்கி மறுபடி வெள்ளை காட்டும்.

கழுவிய பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் காய வேண்டும். கவுலும் கிளாடிங் மடிப்பும் உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தின் மேல் எண்ணெய் போட்டால் அது உள்ளே இறங்காது. காய்ந்ததும் மருந்துக் கடையில் கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒரு தடவை துடைத்துவிட்டால் மிச்ச எண்ணெய்ப் பசையும் போய்விடும்.

இப்போது தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். தேய்த்த அன்றைக்கு வண்டி ஷோரூமிலிருந்து வந்தது மாதிரி இருக்கும். ஆனால் அது காய்கிற எண்ணெய் அல்ல. எண்ணெய் காற்றில் காய்ந்து கெட்டிப்படுமா என்பதை அயோடின் எண் என்ற அளவு காட்டும். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-ஐ ஒட்டி, ஆளி விதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். ஆகவே தேங்காய் எண்ணெய் கடைசிவரை திரவமாகவே கிடந்து, ஒரு நல்ல மழையிலோ இரண்டு தடவை கழுவினதிலோ போய்விடும். அதுவரை தூசியைப் பிடிக்கும். சாத்தான்குளம், உவரிப் பக்கம் தேரிச் செம்மண் பறக்கிற ஊரில் இதைத் தேய்த்தால் கறுப்பு பம்பர் சிவப்பு பம்பர் ஆகும். கல்யாண வீட்டுக்குப் போகிற அன்று காலையில் தேய்க்கலாம், அவ்வளவுதான். நல்லெண்ணெய் அதைவிட மோசம். அது பாதி காய்கிற ஜாதி. குத்துவிளக்கின் அடித்தட்டில் நாள்பட்டுப் பிசின் மாதிரி இறுகிக் கிடக்குமே, அதே பிசுக்குதான் பம்பரிலும் உண்டாகும்.

வாஸ்லின் கொஞ்சம் மேல், கெட்டியாக இருப்பதால் ஒன்றிரண்டு வாரம் நிற்கும். ஆனால் வாஸ்லின், டீசல், மண்ணெண்ணெய் போன்ற பெட்ரோலிய வகைகள் கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர் பீடிங்கை ஊதவைத்துத் தளர்த்திவிடும். அந்த ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற வகை, பெட்ரோலிய எண்ணெய் அதற்கு ஆகாது. வாட்டர் வாஷ் முடிந்ததும் டீசலைக் கலந்து பீய்ச்சிவிட்டு "பளபளன்னு இருக்குல்லா" என்று காட்டுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பழைய இன்ஜின் ஆயிலையும் தொடாதீர்கள், அது தோலுக்கும் கெடுதல். ரப்பர் பீடிங்குக்கும் டயரின் பக்கவாட்டுக்கும் மருந்துக் கடைக் கிளிசரின் நல்லது: ஒரு பங்கு கிளிசரின், மூன்று பங்கு தண்ணீர். மழையில் கரைந்து போகும், ஆனால் ரப்பருக்குத் தீங்கு இல்லை.

பேஸ்ட் என்பது மென்மையான உரசுபொடி. மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியில் அது ஓரளவு வேலை செய்யும், அது வழவழப்பான பரப்பு. சொரசொரப்பான பம்பரில் வெள்ளை வெள்ளையாக அடைத்துக்கொண்டு, அதை எடுக்க நீங்கள் இன்னொரு நாள் உட்கார வேண்டியிருக்கும். கறுப்பு ஷூ பாலிஷ் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். டப்பாவில் வரும் மெழுகு பாலிஷ் என்றால் சில வாரம் நிற்கவும் செய்யும். ஆனால் டிக்கியைச் சாத்தும்போது வெள்ளை வேட்டி உரசினால் அப்புறம் வீட்டில் பதில் சொல்ல வேண்டும். ஸ்பாஞ்சு வைத்த திரவ பாலிஷ் மழைக்குக் கோடுகோடாக வழியும். நிலக்கடலை வெண்ணெயைத் தேய்க்கச் சொல்கிற வெளிநாட்டு யோசனை ஒன்றும் சுற்றுகிறது. நம் ஊரில் அது எறும்புக்கும் எலிக்கும் அழைப்பிதழ், எலி வந்தால் வயரையும் சேர்த்துக் கடிக்கும்.

என் கணக்கில் வீட்டு வைத்தியத்தில் உருப்படியானது ஒன்றுதான்: பெயின்ட் கடையில் கிடைக்கிற டபுள் பாயில்டு லின்சீட் ஆயில், அதாவது காய்ச்சிய ஆளி விதை எண்ணெய். மரக் கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற அதே எண்ணெய். இது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து விரிசலுக்குள்ளேயே இறுகி மெல்லிய படலமாகிவிடுகிறது. அதனால்தான் கழுவினாலும் நிற்கிறது. டபுள் பாயில்டு என்று கேட்டு வாங்குங்கள். சாப்பிட விற்கிற ஆளி விதை எண்ணெய் பச்சை எண்ணெய், சீக்கிரம் காய வைக்கிற உலோக உப்பு அதில் சேர்த்திருக்காது. நாள்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும்.

ஒரு சின்னக் காருக்கு 30 மில்லி எண்ணெயும் 30 மில்லி டர்பன்டைனும் தாராளம். இரண்டையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கலந்துகொள்ளுங்கள். டர்பன்டைன் எண்ணெயை இளக்கி உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டு, தான் ஆவியாகிவிடும். பெயின்டோடு ஒட்டுகிற விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பழைய பனியன் துணியை நாலாக மடித்து, அதில் ஒரு டீஸ்பூன் அளவு மட்டும் ஊற்றி, ஒரு முழம் ஒரு முழமாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். பதினைந்து இருபது நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் துடைத்து எடுக்க வேண்டும். துடைத்தால் துணியில் ஒன்றுமே வரக்கூடாது என்கிற அளவுக்குத் துடைக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் கெடுப்பது. மேலே மிதக்கிற எண்ணெய் தோல் கட்டி ஒட்டிக்கொண்டே இருக்கும், தூசி அதில் பதிந்து இறுகிவிட்டால் அப்புறம் டர்பன்டைன் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க முடியும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் முழுக்க விடுங்கள். அடுத்த நாள் எங்கேயாவது எண்ணெயைக் குடித்துவிட்டுத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும், டர்பன்டைன் சேர்க்காமல், இன்னொரு மெல்லிய பூச்சு. மூன்று நாளைக்குக் கழுவக் கூடாது. நன்றாகக் காய்ந்த பூச்சு வெயிலில் நிற்கிற வண்டிக்கே இரண்டு மூன்று மாதம் தாங்கும், போர்டிகோவில் நிற்கிற வண்டிக்கு இன்னும் அதிகம்.

பாடி பெயின்டில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள், காய்ந்தால் மஞ்சளாகத் தெரியும். கறுப்பல்லாத, கம்பெனியிலிருந்தே சாம்பல் நிறத்தில் வந்த பாகங்களுக்கு இந்த எண்ணெய் வேண்டாம், நிறம் மாறிவிடும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். லின்சீட் ஆயில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தானே தீப்பிடிக்கும். எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவருகிறது. துணி சுருண்டு கிடந்தால் அந்த வெப்பம் வெளியே போக வழியில்லை. பயமுறுத்தச் சொல்லவில்லை, தச்சுப் பட்டறைகளில் நடக்கிற விஷயம். நம்ம வெயிலில் அந்தத் துணியை டிக்கிக்குள்ளோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ போட்டுவிட்டு மறந்தால் வண்டிக்கே ஆபத்து. வேலை முடிந்ததும் துணிகளை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, வெளியே தரையில் ஒற்றைத் துணியாக விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகுதான் குப்பையில் போட வேண்டும்.

எந்த மாதத்தில் செய்வது என்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு மாசி வரைக்கும் நல்ல காலம். ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்து ஈரப் பூச்சில் ஒட்டும்; அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் அதே மாதங்களில் சாரல் விழுந்து காயவிடாது. அந்தச் சமயம் வெறும் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தீ காட்டுகிற யோசனை பொய்யில்லை. சூடு பட்டால் மேல்தோல் இளகி, நுண்ணிய விரிசல் மூடி, கறுப்பு மேலே தெரியும். ஆனால் அது ஹீட் கன், அதாவது கடுஞ்சூடான காற்றை ஊதுகிற மின்கருவி செய்கிற வேலை. கேஸ் டார்ச்சோ சூடத் தட்டோ அல்ல. முடி உலர்த்துகிற டிரையரின் சூடு போதாது. பாகத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், ஆங்கில எழுத்தில் பொருளின் பெயர் வார்த்திருக்கும். பிபி என்றோ பிபி பிளஸ் ஈபிடிஎம் என்றோ இருந்தால் அது பாலிபுரொப்பிலீன் வகை, 160 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும், சூடு காட்டலாம். கூடவே டி20 என்று இருந்தால் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் என்ற மாக்கல் பொடி கலந்தது என்று பொருள். ஏபிஎஸ் என்று இருந்தால் (பிரேக்கில் சொல்கிற ஏபிஎஸ் அல்ல, இது வேறொரு வகைப் பிளாஸ்டிக்) 100 டிகிரியிலேயே இளகி வளைந்துவிடும், பக்கத்தில் போக வேண்டாம். ஏபிஎஸ் பாகத்தில் பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைப்பதும் தப்பு, பிறகு வெடிப்பு விடும். அதற்கு டர்பன்டைனும் தேவையில்லை, எண்ணெயை மட்டும் தேய்த்துத் துடைத்தால் போதும்.

சூடு காட்டுவதென்றால் எண்ணெய் எதுவும் தேய்க்காத, கழுவிக் காய்ந்த பாகத்தில்தான். நாலு விரல் அகலத் தூரத்தில் பிடித்து, நிற்காமல் கையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் பட்டது மாதிரி நிறம் மாறுகிற நொடியில் அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் சொரசொரப்பு உருகி ஒரு வட்டம் பளபளக்கும், அதற்கு மருந்து கிடையாது. பார்க்கிங் சென்சார் இருக்கிற பம்பரையும் பெயின்டோடு ஒட்டிய விளிம்பையும் விட்டுவிடுங்கள். இது அடிக்கடி செய்கிற வேலையும் அல்ல. புற ஊதாக் கதிரைத் தாங்க கம்பெனி கலந்த மருந்து அந்த மேல்தோலில் ஏற்கெனவே தீர்ந்துபோயிருக்கும். சூடு அதைத் திருப்பித் தராது. பாகம் முழுசாகக் குளிர்ந்த மறுநாள் லின்சீட் பூச்சு போட்டால் இரண்டும் சேர்ந்து கொஞ்சம் கூடுதலாக நிற்கும். புதிதாகச் செய்கிறவர் பம்பரின் அடியில் மறைவாக ஒரு சாண் இடத்தில் கை பழக வேண்டும்.

கவுலுக்குத் தனிக் கவனம். அதில் தேய்க்கிற எண்ணெய் மிச்சமிருந்தால் மழைத் தண்ணீரோடு கண்ணாடிக்கு வரும், வைப்பர் அதை இழுத்துப் பூசும், இரவில் எதிர் வண்டி வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. வைப்பர் கையைத் தூக்கி நிறுத்தி, கண்ணாடி ஓரத்தில் டேப் ஒட்டி, காய்ந்த பிறகு கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடுங்கள்.

ஸ்கூட்டரில் மட்கார்டு, பின்பக்கக் கைப்பிடிக்குக் கீழே இருக்கிற கறுப்புப் பாகம், முன்பக்க உள் பேனல் இதற்கெல்லாம் மேலே சொன்னதே. கால் வைக்கிற ஃபுட்போர்டுக்கும் பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற இடத்துக்கும் எந்த எண்ணெயும் கூடாது. மழையில் கால் வழுக்கும். பிரேக் லீவர், கைப்பிடி ரப்பர், சீட், டயரின் ஓடுபரப்பு, டிஸ்க் தகடு ஆகியவற்றின் பக்கமும் துணி போகக் கூடாது. ஃபுட்போர்டு ரொம்பவே நரைத்திருந்தால் மேலே ரப்பர் மேட் வாங்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

கறுப்பு ஸ்பிரே பெயின்ட் அடித்துவிடலாமா என்ற எண்ணம் வரும். பாலிபுரொப்பிலீனில் பெயின்ட் நேராக ஒட்டாது, வருசம் திரும்புவதற்குள் செதில் செதிலாக உரியும். பிளாஸ்டிக் பிரைமர் அடித்து அதன் மேல் பளபளப்பில்லாத கறுப்பு அடித்தால் நிற்கும். அந்த எண்ணம் இருந்தால் இப்போதிலிருந்தே அந்தப் பாகத்தில் சிலிக்கான் கலந்த டயர் பாலிஷையோ டேஷ்போர்டு ஸ்பிரேயையோ போடாதீர்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்ட் மீன் கண் மாதிரி குழிகுழியாக விலகும். லின்சீட் பூச்சு போட்ட பாகம் என்றால் அதையும் பெயின்டரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும், அவர் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பிரைமர் அடிப்பார்.

மிஞ்சிய எண்ணெயைப் பெரிய டப்பாவிலேயே விட்டால் உள்ளே இருக்கிற காற்றில் மேலே தோல் கட்டிவிடும். சின்னப் பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி இறுக்க மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். டர்பன்டைன் கலந்ததை மட்டும் வைக்காமல் அன்றன்றைக்குத் தேவையான அளவு கலந்துகொள்ளுங்கள்.